உதவி: காரணி எண்ணும் ப்ரோக்ராம் ஒரு எண்ணைக் கூடுதலாகக் காட்டுகிறது (அவசரம்)

குத்துவிளக்கு | டிசம்பர் 19, இரவு 9.12
காரணிகள் எத்தனைன்னு எண்ணுற ப்ரோக்ராம் ஒண்ணு எழுதினேன். அதுல வர்ற பட்டியல் புத்தகத்துல இருக்கற பட்டியலோட ஒத்துப்போகணும். எல்லாம் சரியா வருது, ஒரே ஒரு எண் மட்டும் கூடுதலா வருது. மூணு தடவை பார்த்துட்டேன், தப்பு எங்கன்னு பிடிபடல. நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள பிளக்ஸ் கடைக்கு மேட்டர் கொடுக்கணும். தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

வெண்ணாறு | இரவு 9.20
எந்த எண்? எந்த மொழியில எழுதினீங்க? எந்தப் பட்டியல்? இந்த மூணும் இல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது தம்பி. ப்ரோக்ராமையும் அப்படியே ஒட்டுங்க.

வலங்கை | இரவு 9.26
பார்க்காமலே சொல்றேன், வர்க்க எண்ணில்தான் தப்பு இருக்கும். எல்லாரும் வர்க்கமூலம் வரைக்கும் லூப் ஓட்டி, ஒவ்வொரு காரணிக்கும் ஜோடியைச் சேர்த்து ரெண்டு ரெண்டா எண்ணுவாங்க. 36-ஐ எடுத்துக்குங்க: 1, 36, 2, 18, 3, 12, 4, 9, அப்புறம் 6, 6. கடைசி ஜோடியில 6 ஒரு தடவைதான் சேரணும். அதை ரெண்டா எண்ணினா 9-க்குப் பதில் 10 வரும். போன வருஷம் நானே இதில் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன்.

பாபநாசம் பாசஞ்சர் | இரவு 9.31
எக்செல்லா? எக்செல் 15 இலக்கத்துக்கு மேல நம்பக் கூடாது. அதுக்கு மேல இருக்கறதை எல்லாம் பூஜ்யமாக்கிடும். எங்க ஆபீஸ்ல 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாவே டைப் பண்ணி, கடைசி இலக்கம் எல்லாருக்கும் 0 ஆகிப்போச்சு.

கல்லணை72 | இரவு 9.48
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். "விடை தப்பாக வருகிறது சார்" என்று வரும் பையனிடம் நான் முதலில் கேட்பது "கணக்கு என்ன?" என்பதைத்தான். கணக்கைச் சொல்லாமல் விடையைப் பற்றிப் பேசுவது வீண். முதலில் காரணி என்றால் என்ன, பகா எண் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள்.

குத்துவிளக்கு | இரவு 10.05
மன்னிக்கணும், பசங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு வர நேரமாச்சு. எழுதினது பைத்தானில். பட்டியல் ராமானுஜனோடது. கூடுதலா வர்றது 12 இலக்க எண். 22-ஆம் தேதி தேசிய கணித தினம் இல்லையா, பள்ளிக்கூட வாசலில் அவர் பட்டியலைப் பெரிசா பிளக்ஸா வைக்கப் போறோம். கும்பகோணத்துல இருந்துகிட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்படி. நான் தம்பி இல்லைங்க, கணக்கு டீச்சர்.

வெண்ணாறு | இரவு 10.09
மன்னிச்சுக்குங்க டீச்சர். எண் என்னன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லையே.

12 இலக்கம்னா எனக்கு ஒரு சந்தேகம் வருது. 'சி' மொழியில முழு எண்ணுக்கு 'இன்ட்'னு வகை போட்டா 2147483647 வரைக்கும்தான் பிடிக்கும். அதுக்கு மேல போனா எண் சுத்திக்கிட்டு வேறெங்கேயோ போய் நிக்கும். பைத்தானில் அந்தச் சிக்கல் கிடையாது, எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும். ஆனா உள்ள நம்பை (NumPy) மாதிரி ஏதாவது துணைத் தொகுப்பு சேர்த்திருந்தா திரும்பவும் அதே வியாதி வரலாம். சேர்த்திருக்கீங்களா?

மன்னை மதில் | இரவு 10.15
ராமானுஜனோட எந்தப் பட்டியல் டீச்சர்? அவர் போட்ட பட்டியல் ஒண்ணா ரெண்டா.

குத்துவிளக்கு | இரவு 10.22
மிகு பகு எண்கள். அதாவது, தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360... இப்படிப் போகும். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை. அதில் 6746328388800 வரைக்கும் பட்டியல் போட்டிருக்கார். என் ப்ரோக்ராமும் அதே எண்ணில்தான் முடியுது. நடுவுல மட்டும் ஒண்ணு அதிகம். நம்பை எல்லாம் இல்லை, வெறும் பைத்தான்.

எண்: 293318625600.

வலங்கை | இரவு 10.30
வர்க்க எண்ணான்னு பார்த்துட்டேன். வர்க்கமூலம் 541588-க்கும் 541589-க்கும் நடுவுல விழுது. வர்க்கம் இல்லை. என் யோசனை இங்க செல்லாது, திரும்ப எடுத்துக்கறேன்.

பாபநாசம் பாசஞ்சர் | இரவு 10.34
12 இலக்கம்னா எக்செல்லே தாங்கும். ஆனா கட்டத்தோட ஃபார்மேட்டை 'நம்பர்'னு மாத்தலைன்னா 2.93319E+11 மாதிரிதான் காட்டும். அதைப் பார்த்து பிளக்ஸ்ல அடிச்சுடாதீங்க.

கல்லணை72 | இரவு 10.51
ராமானுஜன் பட்டியலில் இல்லாத எண் உங்கள் பட்டியலில் இருக்கிறது என்றால் தவறு யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு எண்ணையும் சொந்தச் சிநேகிதன் போல அறிந்தவர் அவர். 1729-இன் சிறப்பை ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே சொன்னவர். இந்தக் கட்டுரைதான் அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும் வாங்கிக் கொடுத்தது. பள்ளிக்கூட கம்ப்யூட்டரில் ஓட்டிய ஒரு நிரலை வைத்து அதில் குறை காண வேண்டாம். அந்த எண்ணை எடுத்துவிட்டு பிளக்ஸ் அடியுங்கள்.

திருவையாறு கரை | இரவு 11.10
ஐயா, கோபிக்காதீங்க, இந்த எண்ணைக் கையாலேயே போட்டுப் பார்த்துடலாம்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒரு காரணியை உருவாக்கணும்னா 2-ஐ எடுக்காமலும் விடலாம், ஒண்ணு முதல் ஆறு வரைக்கும் எடுக்கலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கு 3, 7-க்கு 3. மிச்சம் நாலு பகா எண்ணுக்கும் ஆளுக்கு 2 வழி. 7 × 5 × 3 × 3 × 16 = 5040. அவ்வளவு காரணி இருக்கு.

இப்ப பட்டியல்ல அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் யார் இருக்காங்கன்னு பாருங்க.
240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 4800.
321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 5376.

4800-க்கும் 5376-க்கும் நடுவுல 5040. எண்ணும் நடுவுலதான் இருக்கு. இதைவிடச் சின்ன எண் ஏதாவது 5040-ஐ எட்டியிருந்தா ஒழிய, இதைப் பட்டியலிலிருந்து எடுக்க நியாயமே இல்லை.

டீச்சர், ஒரு கேள்வி. புத்தகப் பட்டியலை கம்ப்யூட்டரில் ஏத்தினது யார்? டைப் பண்ணும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம்.

குத்துவிளக்கு | இரவு 11.16
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர் டைப் பண்ணினாங்க. ஒருத்தி படிச்சா, ஒருத்தன் அடிச்சான். நானும் விரல் வச்சு ஒவ்வொரு வரியா ஒப்பிட்டேன். புத்தகத்திலேயே அது இல்லை. 240940299600-க்கு அடுத்து நேரா 321253732800.

திருவையாறு கரை | இரவு 11.24
அப்படின்னா உங்க ப்ரோக்ராம் சரி டீச்சர். ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண் அதுதான். நீங்க முதல் ஆள் இல்லை, இந்த விடுபடல் கணித உலகத்துக்குத் தெரிஞ்சதுதான். அந்த நீளப் பட்டியல் முழுக்க அவர் கைக்கணக்கு.

அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்தா எனக்கு ஒண்ணு தோணுது. முன்னாடி இருக்கறதிலயும் பின்னாடி இருக்கறதிலயும் 23 இருக்கு. இது 23-ஐ விட்டுட்டு ரெண்டாவது 7-ஐ எடுத்துக்கிட்டு வருது. வரிசையில போய்க்கிட்டிருக்கும்போது ஒதுங்கி நிக்கற ஆள். இன்னொண்ணும் பாருங்க: இதை 23-ஆல் பெருக்கினா 6746328388800, அதாவது அவர் பட்டியலோட கடைசி எண். அதை எழுதியிருக்கார், இதை விட்டிருக்கார்.

கல்லணை72 | இரவு 11.40
"தோணுது" என்பது நிரூபணம் ஆகாது. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 காரணிகள் இல்லை என்று யார் பார்த்தார்கள்? 29331 கோடி எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்களா?

குத்துவிளக்கு | இரவு 11.47
முதல் ப்ரோக்ராம் அப்படித்தான் ஐயா எழுதினேன். ராத்திரி முழுக்க ஓட விட்டேன். விடிகாலையில கரண்ட் போயிடுச்சு. அதுவரைக்கும் பத்து இலக்கத்தையே தொடல.

திருவையாறு கரை | டிசம்பர் 20, காலை 5.50
ஐயாவோட கேள்வி நியாயமானது, அதான் தூங்கி எழுந்து எழுதறேன். எல்லா எண்ணையும் பார்க்க வேண்டாம். வழியை ராமானுஜனே அந்தக் கட்டுரையில காட்டியிருக்கார்.

ஒரு எண்ணில் 7-க்கு அடுக்கு 1, 11-க்கு அடுக்கு 2 இருக்குன்னு வையுங்க. அடுக்குகளை இடம் மாத்துங்க. காரணி எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சின்னதாயிடும். அதனால மிகு பகு எண்ணில் அடுக்குகள் 2-லிருந்து இறங்கிக்கிட்டேதான் வரணும், ஏறவே கூடாது. அதே காரணத்தால நடுவுல ஒரு பகா எண்ணைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. 4, 36 ரெண்டைத் தவிர மத்த எல்லாத்திலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-தான் (ஆரம்பத்துல இருக்கற 1-க்குப் பகாக்காரணியே கிடையாது, அதை விட்டுடுங்க).

இப்ப, முதல் பன்னிரண்டு பகா எண்களைப் பெருக்கினா 7420738134810. அது நம்ம எண்ணைத் தாண்டிடுது. முதல் பதினொண்ணு, அதாவது 31 வரைக்கும், 200560490130, உள்ளே நிக்குது. ஆக பதினொரு பகா எண், இறங்குற அடுக்குகள், பெருக்கல் 293318625600-க்குள்ள. இந்தச் சல்லடையில நிக்கறது கொஞ்சம்தான். பைத்தானில் இருபது வரி போதும், கண் சிமிட்டுறதுக்குள்ள முடியுது. நான் ஓட்டிப் பார்த்தேன். 293318625600-க்குக் கீழே 5040-ஐத் தொட்ட எண் ஒண்ணுகூட இல்லை. அதிகபட்சம் 4800.

வெண்ணாறு | காலை 6.35
நானும் தனியா எழுதி ஓட்டினேன், அதே விடை. முதல்ல 'சி'-யில இன்ட்டா போட்டு வேணும்னே கெடுத்துப் பார்த்தேன், என் கம்ப்யூட்டர்ல 293318625600 போய் 1260849472-ஆ வந்து நிக்குது. டீச்சருக்கு அப்படி ஆகல, அவங்க கணக்கு சுத்தம்.

நன்னிலம் வயல் | காலை 7.10
ராத்திரியிலிருந்து படிச்சுக்கிட்டிருக்கேன். இதெல்லாம் நம்ம ஊர் அளவையிலேயே இருக்குங்க. நெல் அளக்கற கணக்குல ஒரு கலத்துக்கு 12 மரக்கால். 12 உங்க பட்டியல்ல இருக்கு பாருங்க. ரெண்டு பேருக்கும் பிரிக்கலாம், மூணு, நாலு, ஆறு பேருக்கும் பிரிக்கலாம், மரக்கால் உடையாது. களத்துமேட்டுல நெல் அளக்கறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது வராம யாருக்கு வரும்?

மன்னை மதில் | காலை 7.25
கலம் சரி அண்ணே. நிலம் அளக்கற வேலிக்கு என்ன சொல்வீங்க? ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி. 20-க்குக் காரணி 6. அந்த 6 காரணி 12-க்கே இருக்கு. அப்ப 20 பட்டியல்ல வராது. வேலிக்கு 2000 குழி, அதுக்குக் காரணி 20. அதே 20 காரணி 240-க்கே இருக்கு. அளவைக்கும் இந்தப் பட்டியலுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

நன்னிலம் வயல் | காலை 7.41
முந்திரிக்கணக்கு? முந்திரின்னா 1/320, அந்தப் பின்னம் வரைக்கும் வாய்ப்பாடு வச்சிருந்தாங்களே நம்ம பாட்டன் பூட்டன். அவ்வளவு நுணுக்கமா எந்த ஊர்ல பிரிச்சாங்க?

மன்னை மதில் | காலை 7.52
நுணுக்கம் இல்லைன்னு நான் சொல்லவே இல்லை. 320 = 2⁶ × 5. காரணி 14. பக்கத்துல இருக்கற 360-க்கு 24 காரணி. 320-ல் 3 கிடையாது. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, முந்திரி எல்லாம் பாதி பாதியாவும் அஞ்சாவும் உடைச்சு வந்தவை. மூணில் ஒரு பங்கை முந்திரியில முழுசாச் சொல்லவே முடியாது. எங்க தாத்தா நிலத்தை மூணு பிள்ளைக்கும் பிரிச்சப்ப ஒரு வேலியில ஆளுக்கு ஆறு மா போக மிச்சம் ரெண்டு மாவுக்கு நாலு மாசம் சண்டை நடந்துச்சு. இன்னிக்கும் பெரியப்பா வீட்டோட பேச்சுவார்த்தை இல்லை.

நன்னிலம் வயல் | காலை 8.03
நெல்லை மூணாப் பிரிக்கறதுக்குத்தானே தூணி இருக்கு. நாலு மரக்கால் ஒரு தூணி, மூணு தூணி ஒரு கலம். நிலத்தைப் பிரிக்கறது தலைமுறைக்கு ஒரு தடவை. நெல்லைப் பிரிக்கறது போகத்துக்குப் போகம். எதுக்கு 3 வேணுமோ அதுக்கு வச்சாங்க.

மன்னை மதில் | காலை 8.08
இது நல்ல பதில். ஒத்துக்கறேன். ஆனா அதை ராமானுஜன் அங்கிருந்து எடுத்தார்னு சொல்ல ஆதாரம் வேணும்.

வலங்கை | காலை 8.15
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க. டீச்சருக்கு 12 மணிக்கு பிளக்ஸ்.

கல்லணை72 | காலை 8.40
பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 2520-இன் வர்க்கம் 6350400. அதை 11 × 13 × 17 × 19 = 46189-ஆல் பெருக்கினால் 293318625600 சரியாக வருகிறது. 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லா எண்ணாலும் வகுபடும் மிகச்சிறிய எண். அதன் வர்க்கத்தின் மேல் நான்கு பகா எண்களை அடுக்கியதுபோல் நிற்கிறது. அழகான எண். 5040 காரணிகள் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் பிளக்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. "ராமானுஜன் பட்டியல்" என்று தலைப்பு வைத்தால் அவர் எழுதியது மட்டுமே இருக்க வேண்டும். அவர் எழுதாததை அவர் பெயரில் ஏற்றுவது தவறு. அவர் விட்டதை விட்டார் என்று பள்ளி வாசலில் எழுதி வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வீடு இருக்கும் சாரங்கபாணி சன்னதித் தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்துகொண்டு அதைச் செய்ய வேண்டுமா?

திருவையாறு கரை | காலை 9.05
முதல் பாதி சரி ஐயா, கலந்து எழுதக் கூடாது. ரெண்டாவது பாதியில எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கட்டுரையே முழுசா அச்சாகல. சங்கத்துக்குப் பண நெருக்கடின்னு பிற்பகுதியை விட்டுட்டாங்க. மிச்சம் 1997-லதான், நிக்கோலா, ராபின்னு ரெண்டு கணித ஆய்வாளர்கள் குறிப்புகள் சேர்த்து, அவர் பேர்ல நடக்கிற ஆய்விதழில் வந்துச்சு. எண்பத்திரண்டு வருஷம் கழிச்சும் அந்தக் காகிதத்தை வச்சு வேலை பார்த்திருக்காங்க. அவர் விட்ட ஒரு எண்ணை அவர் ஊர்ப் பிள்ளைகள், அவர் காட்டின வழியிலேயே போய்க் கண்டுபிடிச்சிருக்காங்க. அதை மறைக்கறதுல அவருக்கு என்ன மரியாதை?

டீச்சர், அவர் பட்டியலை அப்படியே போடுங்க. விடுபட்ட எண்ணைக் கீழே தனியாப் போடுங்க.

வெண்ணாறு | காலை 9.12
எண்ணுக்குப் பக்கத்துல பகாக்காரணி வடிவத்தையும் போடுங்க. வெறும் இலக்கமாப் பார்த்தா யாரும் நிக்க மாட்டாங்க. கமா போட்டா நம்ம முறையில போடணும், கடைக்காரர் ஆயிரம் ஆயிரமா வெட்டிடுவார். கமா இல்லாமக் கொடுக்கறதே நல்லது.

பாபநாசம் பாசஞ்சர் | காலை 9.20
மேட்டரை எக்செல் ஃபைலாக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான்.

வலங்கை | மதியம் 1.30
டீச்சர், என்ன ஆச்சு?

மன்னை மதில் | இரவு 8.10
ஆளைக் காணோம்.

குத்துவிளக்கு | டிசம்பர் 22, மாலை 6.45
மாட்டியாச்சு. பட்டியல் கருப்பில், 293318625600 கீழே தனிக் கட்டத்தில் சிவப்பில். டைப் பண்ணின ரெண்டு பிள்ளைகள் பேரும் பக்கத்துல இருக்கு. ஏழாம் வகுப்பு ஒண்ணு 5040 காரணியையும் நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கு, இன்னிக்கு 212 வரைக்கும் வந்திருக்கு. எல்லாருக்கும் நன்றி. கல்லணை ஐயா, 2520 விஷயத்தை வகுப்பில சொன்னேன்.

கல்லணை72 | மாலை 7.02
212-ஐ எந்த வரிசையில் எழுதுகிறது அந்தப் பிள்ளை? 2-இன் அடுக்குகளை முதலில் எழுதி, பிறகு ஒவ்வொன்றையும் 3-இன் அடுக்குகளால் பெருக்கச் சொல்லுங்கள். அப்படிப் போனால் ஒன்றும் விட்டுப்போகாது. முதல் 35 அதிலேயே வந்துவிடும்.

நன்னிலம் வயல் | மாலை 7.30
மன்னை தம்பி, எங்க பக்கம் மூணு மா ஒரு ஏக்கர்னுதான் சொல்லுவோம். உங்க தாத்தா மிச்ச ரெண்டு மாவையும் குழியாக்கிப் பிரிச்சிருந்தா ஆளுக்கு 66 குழி போக ரெண்டே குழிதான் நின்னிருக்கும். அதை வரப்புக்கு விட்டிருக்கலாம்.